நீக்கிய மதிப்பெண் பட்டியல் இன்னும் கூகுளில் தெரிகிறதென்றால்

குடியாத்தம் தம்பிக்கு,

பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலைப் பெருமையோடு முகநூலில் பொதுவில் போட்டீர்கள். கல்லூரித் தரகர்கள் ஓயாமல் அழைத்ததும் நீக்கிவிட்டீர்கள். ஆனாலும் தேடினால் படம் வருகிறது என்கிறீர்கள். காட்பாடியில் பிரௌசிங் சென்டர் வைத்திருக்கும் எனக்கு மே மாதம் வந்தாலே இந்தக் கதைதான்.

தேடலில் தெரிவது பெரும்பாலும் கூகுள் எடுத்து வைத்த பழைய நகல். காலாவதியான உள்ளடக்கத்தை அகற்றக் கோரும் பக்கம் கூகுளிலேயே உண்டு. அங்கே அந்தப் படத்தின் இணைப்பைக் கொடுங்கள். யாராவது தன் பக்கத்தில் மறுபடி ஏற்றியிருந்தால் அது பலிக்காது, அவரிடமே கேட்டு எடுக்கச் சொல்ல வேண்டும்.

எனக்குக் கவலை அழைப்புகள் அல்ல. அந்தத் தாளில் பதிவெண்ணும் பிறந்த தேதியும் சேர்ந்தே இருக்கின்றன. தேர்வு முடிவைப் பார்க்க அரசு இணையதளம் கேட்பதும் அந்த இரண்டைத்தான். உங்கள் பிறந்த தேதியையே மின்னஞ்சலுக்குக் கடவுச்சொல்லாக வைத்திருக்கிறீர்களா? (என்னிடம் வருபவர்களில் பலர் வைத்திருக்கிறார்கள், கேட்டால் சிரிக்கிறார்கள்.) இன்றே மாற்றுங்கள், இரண்டு கட்டச் சரிபார்ப்பையும் (கடவுச்சொல்லுக்குப் பிறகு இன்னொரு உறுதிப்படுத்தலையும் கேட்கும் ஏற்பாடு) போடுங்கள்.

முகநூல் அமைப்புகளில் பழைய பொதுப் பதிவுகள் அனைத்தையும் ஒரே சொடுக்கில் நண்பர்களுக்கு மட்டும் என மாற்றலாம். விளம்பர அழைப்புகளைத் தடுக்கவும் அவற்றைப் பற்றிப் புகார் செய்யவும் 1909 என்ற எண். "இடம் உறுதி, முன்பணம் அனுப்புங்கள்" என்ற பேச்சை நம்பி அப்பா ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால் மட்டும் தாமதிக்காதீர்கள்: உடனே இணைய மோசடிப் புகார் உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள்.