சதுரடியில் பேசி லிட்டரில் பணம் கேட்கும் மாடி வேலை

கேள்வி: பக்கத்துத் தெருவில் வேலை முடித்துவிட்டதாகவும், மாடி ஒழுகாமல் இருக்க அடிக்கும் மருந்து மீதி இருப்பதாகவும் சொல்லி மூன்று பேர் வேனில் வந்தார்கள். சதுரடிக்கு 20 ரூபாய் என்றார்கள். எங்கள் மொட்டை மாடி 900 சதுரடி. 18,000 தானே என்று ஒப்புக்கொண்டேன். மாடிக்கு இரண்டு 20 லிட்டர் பக்கெட் ஏற்றினார்கள். மாலையில், “தளம் 40 லிட்டர் கூடுதலா இழுத்துடுச்சும்மா, லிட்டர் 1,100” என்று மொத்தம் 62,000 கேட்டார்கள். தனியாக இருந்ததால் பயந்து 30,000 ஜிபே செய்துவிட்டேன். மீதிக்கு ஞாயிற்றுக்கிழமை வருகிறார்களாம். கொடுத்துத்தான் ஆக வேண்டுமா?
– வாசகி, சத்துவாச்சாரி

பதில்: வேண்டாம்மா, ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். நீங்கள் பேசியது 18,000. அதற்கு மேலேயே கொடுத்துவிட்டீர்கள்.

சதுரடிக் கணக்கில் வாசலில் பேசிவிட்டு, வேலை முடிந்ததும் லிட்டர் கணக்குக்கு மாறுவதில்தான் மொத்த ஏமாற்றும் இருக்கிறது. 40 லிட்டர் கூடுதலாக ஊற்றியிருந்தால் இன்னும் இரண்டு பக்கெட் மேலே போயிருக்க வேண்டும். போனது இரண்டுதான் என்று நீங்களே பார்த்திருக்கிறீர்கள். அவர்கள் சொல்லும் விலைக்கு ஒரு பக்கெட் 22,000 ரூபாய் ஆகிறது. மூடியில் இருக்கும் பெயரைக் காட்டி ஒரு பெயிண்ட் கடையில் விலை கேளுங்கள், தெரிந்துவிடும்.

அந்தக் காலி பக்கெட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அவை சாட்சி. மாடியைப் படம் எடுங்கள். ஜிபேயில் வந்த பெயர், பரிவர்த்தனை எண், அவர்கள் பேசிய செல் எண், வேன் எண் தெரிந்தால் அது, எல்லாவற்றையும் எழுதி ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிவிடுங்கள். அன்றைக்கு வீட்டில் இன்னும் இரண்டு பேர் இருக்கட்டும். கதவைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. மிரட்டினால் உடனே 112.

கூடுதலாகப் போன பணத்துக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசலாம். அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, அவர்கள் எந்த ஊர்க்காரர்களாக இருந்தாலும் நீங்கள் வசிக்கும் வேலூரிலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ஆனால் எதிராளியின் பெயரும் முகவரியும் இல்லாமல் நோட்டீஸ் அனுப்ப முடியாது. முகவரி இல்லாமல் வேனில் வருகிறவர்களுக்கு இருக்கும் பெரிய தைரியமே அதுதான். அதனால்தான் போலீஸ் புகாரை முதலில் சொன்னேன். பணம் போன கணக்கு யாருடையது என்று போலீஸாரால் கண்டுபிடிக்க முடியும்.

வேலையும் சரியாக நடந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே. மாடி பெரும்பாலும் ஒழுகுவது கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையிலும், மழைத்தண்ணீர்க் குழாயின் வாயிலும்தான். விரிசலைக் கீறி அடைத்து, காயவிட்டு, இரண்டு கோட் அடிக்க வேண்டிய வேலை அது. காலையில் வந்து மாலையில் முடிகிற வேலை இல்லை. அடுத்த முறை ஊருக்குள் கடையோ வீடோ உள்ள மேஸ்திரியைக் கூப்பிடுங்கள். மொத்தத் தொகையைத் தாளில் எழுதி வாங்குங்கள். குழாய் வாயை அடைத்து ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் கட்டிப் பார்த்த பிறகுதான் கடைசித் தவணை.

கேள்வி: வாட்டர் பியூரிஃபையர் விற்க வந்தவர், எங்கள் போர் தண்ணீரில் கம்பி விட்டு கரண்ட் கொடுத்தார். டம்ளரில் செங்கல் நிறத்தில் அழுக்கு திரண்டது. அவருடைய தண்ணீர் தெளிவாகவே இருந்தது. வாங்கலாமா?
– வாசகர், குடியாத்தம்

பதில்: அந்த நிறம் உங்கள் தண்ணீரில் இருந்து வந்ததில்லை, அவர் விட்ட இரும்புக் கம்பி கரைந்து வந்தது. உப்பு உள்ள தண்ணீரில் கரண்ட் பாயும், அதனால் கம்பி கரையும். அவருடைய தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, அதனால் கரையவில்லை. அதில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு மறுபடி செய்துகாட்டச் சொல்லுங்கள், அதுவும் சிவக்கும். நம் பக்கத்துப் போர் தண்ணீர் பல இடங்களில் உப்புதான், மறுக்கவில்லை. மெஷின் தேவையா என்பதைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் தண்ணீரைக் கொடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். அதுவரை முன்பணம் கொடுக்காதீர்கள்.