குதிரையில் ஏறும் தலைக்கு: உப்புவெளியிலிருந்து கேள்வி பதில்

வளைகுடாவில் 19 வருடம் குதிரை லாயத்தில் வேலை செய்துவிட்டு வந்து, இப்போது திருகோணமலைப் பக்கம் உப்புவெளியில் இரண்டு குதிரைகளோடு காலம் போகிறது. போன கிழமை கடற்கரையில் ஒரு பொடியன் வெறுந்தலையோடு குதிரை விட்டதைப் பற்றி நாலு வரி எழுதப்போய், ஹெல்மெட் பற்றிக் கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. தெரிந்ததற்குப் பதில் தருகிறேன், கேட்டவரின் ஊர் முன்னால் இருக்கிறது. குதிரை விலை, ரேஸில் எது வெல்லும் என்று கேட்பவர்கள் வேறு ஆளைப் பாருங்கள்.

உவர்மலை: அண்ணே, நான் குதிரையை ஓட விடுவதே இல்லை, நடைதான். அதற்கும் ஹெல்மெட் வேண்டுமா?

வேண்டும். ஏறி உட்கார்ந்தால் உங்கள் தலை நிலத்திலிருந்து எட்டடிக்குக் கிட்ட இருக்கும். அந்த உயரத்திலிருந்து சும்மா சரிந்து விழுந்தாலே, நிலத்தில் படும்போது தலையின் வேகம் மணிக்கு 25 கிலோமீற்றர். குதிரை ஓரடி எடுத்து வைக்காமல் நின்றாலும் கணக்கு இதுதான்.

கோர்ட்னி கிங்-டை என்று ஓர் அமெரிக்கப் பெண். 2008 ஒலிம்பிக்கில் ட்ரெசாஜ் போட்டியில் கலந்துகொண்டவர். அதில் வேலி தாண்டுவதெல்லாம் கிடையாது. குதிரையை அடவு பிடிக்க வைக்கிற வித்தை அது. 2010 மார்ச்சில் பயிற்சி நேரத்தில் குதிரை கால் தடுக்கி விழுந்தது. துள்ளவில்லை, வெருளவில்லை, வெறும் தடுக்கல். தலையில் ஹெல்மெட் இல்லை. மண்டை ஓடு வெடித்து, கிட்டத்தட்ட நாலு கிழமை நினைவில்லாமல் கிடந்தார். பிறகு நடக்கவும் கதைக்கவும் திரும்பப் பழக வேண்டி வந்தது. அந்தக் காலத்தில் ட்ரெசாஜ்காரர்கள் பட்டுத்தொப்பிதான் போடுவார்கள், ஹெல்மெட் போட்டால் கௌரவக் குறைச்சல். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பிரித்தானியாவின் ஷார்லட் டுஜார்டின் ஹெல்மெட்டோடு வந்து தங்கம் எடுத்துக்கொண்டு போனார். 2021 முதல் சர்வதேசப் போட்டிகளில் எல்லோருக்கும் அது கட்டாயம். பட்டுத்தொப்பி பெட்டிக்குள் போய்விட்டது.

என்னுடைய அடி இன்னும் வெட்கக்கேடு. நான் ஏறவே இல்லை. குதிரையின் வயிற்றுவாரை இறுக்கக் குனிந்தேன். பக்கத்து லாயத்தில் ஒரு வாளி உருண்டது. குதிரை தலையை ஒரு வெட்டு வெட்டியது. நெற்றியில் ஏழு தையல். ஹெல்மெட் என் கைக்கெட்டும் தூரத்தில், ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து லாயத்துக்குள் போகும்போதே போட்டுக்கொண்டு போகிற பழக்கம்.

இன்னொன்று. போடுவது மட்டும் போதாது, நாடிப்பட்டியைப் பூட்டுங்கள். பூட்டாத ஹெல்மெட் உங்களுக்கு முதல் தரைக்குப் போய்விடும்.

நகரிலிருந்து ஒருவர்: மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் வீட்டில் கிடக்கிறது. அதையே போடலாமா?

இதைப் பத்துப் பேராவது கேட்டுவிட்டீர்கள். ஒருக்கா வடிவாகச் சொல்கிறேன், பிறகு கேட்காதீர்கள்.

முகம் மூடிய மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் ஒன்றரைக் கிலோவுக்குக் கிட்ட வரும். குதிரை ஹெல்மெட் பெரும்பாலும் அதில் பாதிகூட இல்லை. மோட்டார் சைக்கிளில் உடம்பு ஓரளவு அசையாமல் இருக்கிறது. குதிரை கொஞ்சம் எட்டி ஓடத் தொடங்கினால் ஒவ்வொரு எட்டுக்கும் தலை மேலும் கீழும் போகும். அந்தப் பாரத்தைக் கழுத்துத்தான் சுமக்க வேண்டும். அடுத்தது காது. பின்னால் ஓட்டோ வருவதைக் குதிரை உங்களுக்கு முதல் கேட்டுவிடும், நீங்கள் அது வெருண்ட பிறகுதான் அறிவீர்கள். பக்கப் பார்வையும் குறையும். எல்லாவற்றுக்கும் மேலே, இரண்டும் வேறு வேறு அடிக்குச் செய்தவை. குதிரை ஹெல்மெட்டைச் சோதிக்கும்போது விளிம்புள்ள இரும்பில் மோதவிட்டும் பார்ப்பார்கள், லாடக்குளம்பு படலாம், வேலிக்கட்டை படலாம் என்று. சில தரங்களில் பக்கவாட்டில் நெரித்தும் பார்ப்பார்கள், ஐந்நூறு கிலோக் குதிரை மேலே உருளலாம் என்று.

வாங்குவதானால் உள்ளே ஒட்டிய சீட்டைப் பாருங்கள்: ஏ.எஸ்.டி.எம். எஃப் 1163 (ASTM F1163, அமெரிக்கத் தரம்) அல்லது பாஸ் 015 (PAS 015, பிரித்தானியத் தரம்). எந்தத் தரச் சீட்டும் இல்லாமல் கறுப்பு வெல்வெட்டில் மினுங்கினால் அது தொப்பி, படம் எடுக்க மட்டும் நல்லது.

கிண்ணியாவிலிருந்து ஒரு தாய்: தம்பி, மகளுக்கு ஒன்பது வயது. குதிரை பழக ஆசைப்படுகிறாள். தலையில் முக்காடு போடுவாள். ஹெல்மெட் எப்படிப் போடுவது? வளர்கிற பிள்ளை, பெரிய சைஸ் வாங்கலாமா?

அக்கா, ஆசைப்பட்டால் விடுங்கோ, நல்ல விளையாட்டு. முக்காட்டுக்கு ஒரு தடையும் இல்லை. தலையோடு ஒட்டி நிற்கிற மெல்லிய பருத்தித் துணியாக இருக்கட்டும், முடிச்சும் மடிப்பும் உச்சியில் வரக்கூடாது. முக்கியமாக ஊசி வேண்டாம், ஹெல்மெட்டுக்குக் கீழே ஒரு ஊசிகூட வேண்டாம். அடி பட்டால் அது போகிற இடம் மண்டைத் தோல். முடியைத் தாழக் கட்டிவிடுங்கோ. உச்சிக் கொண்டை போட்டால் ஹெல்மெட் கொண்டையில் குந்தியிருக்கும், தலையில் இராது. (கொண்டை போடுகிற எல்லாப் பெண்களுக்கும் இது பொருந்தும். பூ, கிளிப்பும் அப்படியே.)

அந்தத் துணியோடேயே தலையை அளங்கோ. தையல்காரரின் நாடா போதும்: புருவத்துக்கு ஒரு அங்குலம் மேலே தொடங்கி, பின்தலையில் புடைத்த இடத்தைச் சுற்றி. அந்தச் சென்ரிமீற்றர்தான் சைஸ். பெரிது வாங்க வேண்டாம். பள்ளிக்கூடச் சப்பாத்தென்றால் ஒரு சைஸ் கூட வாங்கிப் பஞ்சு வைக்கலாம், இது அப்படியில்லை. போட்டுவிட்டு நாடிப்பட்டியைப் பூட்டாமல் தலையை ஆட்டச் சொல்லுங்கோ. ஹெல்மெட் ஆடினால் நெற்றித் தோலும் சேர்ந்து ஆட வேண்டும். ஹெல்மெட் மட்டும் வழுக்கினால் பெரிது. பிறகு பட்டியைப் பூட்டி, நாடிக்குக் கீழே விரல் விட்டுப் பாருங்கோ. ஒரு விரல் இறுக்கமாகப் போக வேண்டும், கை போகக்கூடாது.

பாட்டாச் செருப்போடு ஏற விடாதேங்கோ. செருப்பு வழுக்கிக் கால் அங்கவடிக்குள் (ஏறியவர் கால் வைக்கிற வளையம்) நுழைந்தால் இழுபட்டுப் போகும். சின்னக் குதியுள்ள மூடிய சப்பாத்து போதும்.

நிலாவெளி: அண்ணே, போன கிழமை நீங்கள் எழுதின பொடியன் நான்தான். விழுந்தால் மணல்தானே? மெத்தை மாதிரி. நான் மூன்று தரம் விழுந்தேன், ஒன்றும் ஆகவில்லை.

வா தம்பி, உன்னைத்தான் தேடினேன்.

நீ குதிரை விடுவது எங்கே? அலை வந்து திரும்புகிற ஈரக்கரையில். காய்ந்த மணலில் குதிரைக்குக் கால் புதையும், சீக்கிரம் களைக்கும், அதனால் எல்லோரும் ஈரத்தில்தான் விடுவோம். அந்த ஈரமணலில் மோட்டார் சைக்கிளே ஓடுகிறது, சில்லு புதைவதில்லை. அது மெத்தையா?

நேற்றுக் காலை நான் ஒரு உரித்த தேங்காயை எடுத்துக்கொண்டு, ஏணியில் ஏறி, எட்டடியிலிருந்து ஈரமணலில் விட்டேன். விழுந்த இடத்தில் குழி எவ்வளவு தெரியுமா? என் சின்னவிரல் நகம் மறைகிற ஆழம். ஒரு சென்ரிமீற்றர் வைத்துக்கொள். எட்டடி வந்த வேகம் முழுவதும் அந்த ஒரு சென்ரிமீற்றருக்குள் நிற்க வேண்டும். பள்ளிக்கூடத்துக் கணக்குத்தான்: எட்டடி என்றால் 244 சென்ரிமீற்றர், அதை 1ஆல் வகு. புவியீர்ப்பைப் போல 244 மடங்கு. ஹெல்மெட்டுக்குள் இருப்பது மீன்பெட்டி செய்கிற ரெஜிபோமின் கெட்டியான தம்பி. அது இரண்டு சென்ரிமீற்றர் நசிந்து கொடுத்தால் அடி பாதியாகிறது. அந்த ஒரு சென்ரிமீற்றர் வித்தியாசத்துக்குத்தான் காசு.

மூன்று தரம் விழுந்தாய், சரி. மூன்று தரமும் முதலில் பட்டது எது? நாரி, தோள், கை. தலை இன்னும் முறை வரவில்லை.

மூதூர், மேசன் வேலை செய்பவர்: தேங்காய் உடைந்ததா இல்லையா? அதைச் சொல்லவில்லையே.

உடையவில்லை. தெரியும், இதைப் பிடித்துக்கொள்வீர்கள் என்று.

நிலாவெளி (அதே தம்பி): பாருங்கோ! தேங்காயே உடையவில்லை, மண்டை ஏன் உடையுது?

தேங்காயைக் காதுக்குப் பக்கத்தில் பிடித்து ஆட்டிப்பார். உள்ளே தண்ணீர் குலுங்கும், சிரட்டைக்கு ஒன்றும் ஆகாது. உன் மூளையும் அப்படித்தான் மண்டைக்குள் தண்ணீரில் நிற்கிறது. ஓடு வெடிக்காமலே மூளை உள்சுவரில் அடிபடும், முறுகும். விழுகிறவன் நேரே விழுவதில்லை, சுழன்றுதான் விழுவான். அந்தச் சுழற்சியைக் கொஞ்சம் குறைக்கத்தான் இப்போது சில ஹெல்மெட்டுகளுக்குள் வழுக்குகிற ஒரு படலம் வைக்கிறார்கள், மிப்ஸ் என்று மஞ்சள் வட்டம் ஒட்டியிருக்கும்.

தம்பலகாமம்: நான் வயல்காரன். உழுத வயலில் விழுந்தால் உண்மையில் அடி குறைவுதான். தம்பி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

உழுத வயலில் குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன். காய்ந்து குவிந்த மணலிலும் குறைவு. ஆனால் வரம்பில் விழமாட்டீர்கள் என்று யார் சொன்னது? நிலாவெளிக் கரையில் வள்ளம் இல்லையா, நங்கூரம் இல்லையா, கல் இல்லையா? குதிரை இடம் பார்த்து எறிவதில்லை.

நகர்: சைக்கிள் ஹெல்மெட்?

பின்தலை வெளியே. வேண்டாம்.

லிங்கநகர்: லண்டனில் இருக்கிற சித்தப்பா தன் மகள் பாவித்த குதிரை ஹெல்மெட்டை அனுப்புகிறாராம். ஓசியில் வருகிறது, வாங்கலாம்தானே?

சித்தப்பாவைக் கோபிக்க வேண்டாம், ஆனால் இரண்டு கேள்வி கேளுங்கள். அதோடு விழுந்தாளா? எத்தனை வருடப் பழசு?

ஏன் கேட்கிறேன் என்றால், மீன் வாடிக்குப் போய் ஒரு ரெஜிபோம் பெட்டியில் பெருவிரலை அழுத்திப் பாருங்கள். பள்ளம் விழும், பிறகு எழும்பாது. ஹெல்மெட்டுக்குள்ளும் இதே கதை. ஒரு தரம் நசிந்த இடம் அடுத்த தரம் நசிய மாட்டாது, அடி நேரே தலைக்கு வரும். மேலே உள்ள ஓடு பளபளவென்று இருக்கும், ஒரு கீறல்கூடத் தெரியாது. அதனால்தான் ஒருக்கா விழுந்த ஹெல்மெட்டை எறியச் சொல்கிறது. விழாவிட்டாலும் ஐந்து வருடம் போனால் மாற்றச் சொல்வது வழக்கம். சித்தப்பாவுக்கு விபரம் தெரியாவிட்டால், வந்ததில் கோழிக்குஞ்சுக்குத் தீன் வையுங்கள்.

புதிது ஒன்று அனுப்பச் சொல்லிக் கேட்பதில் தப்பில்லை. இங்கே நான் ஏறி இறங்கின கடைகளில் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டைத்தான் எடுத்து வைத்தார்கள்.

சீனக்குடா: சூப்பர்மேனாக நடித்த கிறிஸ்டோபர் ரீவ் ஹெல்மெட் போட்டிருந்தாராம். பிறகும் கழுத்துக்குக் கீழே அசைவில்லாமல் போனதே?

நல்ல கேள்வி. 1995 மே மாதம், வேலி தாண்டுகிற போட்டி. குதிரை வேலிக்கு முன்னால் சட்டென்று நின்றுவிட்டது, அவர் தலைகீழாகப் போனார். கை கடிவாளத்தில் சிக்கியதால் ஊன்ற முடியவில்லை. முறிந்தது கழுத்தின் மேல் இரண்டு எலும்பு. ஹெல்மெட் கழுத்தைக் காப்பாற்றாது, அதைச் செய்தவனும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பிறகு 2004இல் இறக்கும்வரை கூட்டங்களில் பேசினார், படம் இயக்கினார். ஹெல்மெட் தன் வேலையைச் செய்திருக்கிறது.

உப்புவெளி: கச்சான் காற்று வீசுகிற மாதத்தில் தலை அவிந்துவிடுமே?

அவியும். காலை ஏழுக்கு முன், பின்னேரம் ஐந்துக்குப் பிறகு ஏறுங்கள், குதிரைக்கும் அதுதான் நல்லது. காற்றுத் துளையுள்ளதாக வாங்குங்கள். கழற்றியதும் வெயிலில், காருக்குள், தகரக் கூரைக்குக் கீழே வைக்காதீர்கள், சூட்டில் உள்ளே இருப்பது கெட்டுப்போகும். பெற்றோல், தின்னர் போட்டுத் துடைக்க வேண்டாம். ஈரத்துணி போதும்.

பாலையூற்று: மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் போட்டால்...

மேலே.

நகர், ஓய்வுபெற்ற ஆசிரியர்: எலிசபெத் மகாராணி தொண்ணூறு வயதிலும் தலைத்துண்டு கட்டிக்கொண்டுதானே குதிரை ஏறினார்?

ஐயா, 1981இல் லண்டன் அணிவகுப்பில் அவருக்கு முன்னால் ஒருவன் ஆறு வெற்று வேட்டுச் சுட்டான். குதிரை கொஞ்சம் துடித்தது, அவர் கடிவாளத்தைப் பிடித்து அடக்கிவிட்டு அப்படியே போனார். பர்மீஸ் என்று பெயர், கனடாப் பொலிஸார் பழக்கிக் கொடுத்த குதிரை. என்னுடைய குதிரைகளில் பெரியவன் கோணேசர் கோயில் பக்கம் வெடிச்சத்தம் கேட்டால் சாம்பல்தீவுக்கு ஓடுவான். அப்படிப் பழகின குதிரையும் சின்ன வயதிலிருந்து ஏறின அனுபவமும் இருந்தாலும் நான் துண்டு கட்ட மாட்டேன்.

வட்ஸ்அப்பில் ஒருவர்: நெடுந்தீவில் காட்டுக்குதிரையாகத் திரிகிற ஒன்றைப் பிடித்து வந்து பழக்கலாமா?

கூடாது.

கன்னியா: விழுந்தவன் எழும்பி, சும்மா தலைசுற்று என்கிறான். என்ன செய்வது?

இதற்கு நான் ஆள் இல்லை. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். கழுத்து நோகுது என்றால் அசைக்காதீர்கள், ஹெல்மெட்டை இழுத்துக் கழற்றாதீர்கள். சத்தி (வாந்தி), தூக்கம், கதை குழறல் எது வந்தாலும் ஆஸ்பத்திரி. தோடம்பழச்சாறு கொடுத்துப் படுக்க வைக்கிற வேலை வேண்டாம்.

நிலாவெளி (அதே தம்பி): அண்ணே, நீங்கள் ஈரமணலில் தேங்காய் விட்டீர்கள். நான் விழுந்தது காய்ந்த மணலில். அதில் விட்டுப் பார்த்தீர்களா?

பார்த்தேன். பாதித் தேங்காய் புதைந்தது. ஆனால் நீ காய்ந்த மணலில் குதிரை விட்டதை நான் பார்க்கவில்லை, ஈரத்தில் விட்டதைத்தான் பார்த்தேன். ஞாயிறு காலை ஆறரைக்கு வா, இரண்டிலும் விட்டுப் பார்ப்போம். ஏணி நான் கொண்டு வருகிறேன். தேங்காய் உன்னுடையது.