என் தரவில் யார் பாடம் படிக்கிறார்கள்?

கேள்வி: நாங்கள் வாங்கிய மென்பொருளின் விதிமுறையில் 'சேவையை மேம்படுத்த உங்கள் தரவைப் பயன்படுத்துவோம்' என்று ஒரு வரி இருக்கிறது. ஏஐ பயிற்சியும் இதில் அடங்குமா?

பதில்: அடங்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எதை வேண்டுமானாலும் உள்ளே தள்ளலாம், அவ்வளவு அகலமான வரி. ஜூம் நிறுவனமாவது வெளிப்படையாக எழுதியிருந்தது: வாடிக்கையாளர் உள்ளடக்கத்தை வைத்து என்னென்ன செய்யலாம் என்ற நீண்ட பட்டியலின் நடுவே இயந்திரக் கற்றல், பயிற்சி என்ற சொற்களும் இருந்தன. 2023 மார்ச்சில் மாறிய அந்த விதியை ஆகஸ்டில்தான் உலகம் கவனித்தது. கூச்சல் எழுந்த சில நாள்களில், ஒலி, காணொளி, அரட்டை எதையும் பயிற்சிக்கு எடுப்பதில்லை என்று திருத்தி எழுதினார்கள்.

விற்பவரிடம் மின்னஞ்சலில் கேளுங்கள்: எந்தத் தரவு, எந்த ஏஐ மாடலுக்கு (தரவில் பயின்று உருவாகும் நிரலுக்கு) போகிறது? அந்த மாடல் எங்களுக்கு மட்டுமா, எல்லா வாடிக்கையாளருக்குமா? தொலைபேசியில் வரும் 'கவலைப்படாதீர்கள் சார்' பதில் ஆகாது.

கேள்வி: இதை நிறுத்தும் பொத்தானை எங்கு தேடியும் காணோமே?

பதில்: பொத்தானே இல்லாமலும் இருக்கலாம். 2024 மே மாதம் அலுவலக அரட்டைச் செயலியான ஸ்லாக் விஷயத்தில் பலருக்கும் எரிச்சலூட்டியது இதுதான். எமோஜி, சேனல் பரிந்துரை போன்றவற்றுக்கான பொது மாடல்களுக்கு வாடிக்கையாளர் தரவு தானாகவே போய்க்கொண்டிருந்தது. விலக வேண்டுமானால், நிறுவனக் கணக்கின் உரிமையாளர் குறிப்பிட்ட தலைப்பு போட்டு மின்னஞ்சல் அனுப்ப வேண்டியிருந்தது. தன் உருவாக்க ஏஐ (புதிதாக எழுதித் தரும் வகை) வாடிக்கையாளர் தரவில் பயிலவில்லை என்று ஸ்லாக் விளக்கியதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் விலகுவதற்குக் கடிதம் எழுத வைப்பவர்கள், சேர்வதற்கு மட்டும் கடிதம் கேட்பதில்லை! உங்கள் அலுவலகத்தில் கணக்கை நிர்வகிப்பவரைப் பிடியுங்கள்.

கேள்வி: இப்போது அணைத்துவிட்டேன். இதுவரை எடுத்தது என்ன ஆகும்?

பதில்: பெரும்பாலும் போனது போனதுதான். பயிற்சி முடிந்தபின் உங்கள் தகவல் தனிப் பதிவாக இருப்பதில்லை. மாடலுக்குள் இருக்கும் கோடிக்கணக்கான எண்களைச் சற்றே மாற்றிவிட்டுக் கலந்துவிடுகிறது. ஏற்கெனவே நடந்த பயிற்சியை விலகல் பாதிக்காது என்று 2024 செப்டம்பரில் தொழில்முறைச் சமூக வலைத்தளமான லிங்க்ட்இன் சொல்லியேவிட்டது. விதிவிலக்கும் உண்டு. எவரால்பம் என்ற படச் சேமிப்புச் செயலி நிறுவனம், பயனர்களின் படங்களைக் கொண்டு உருவாக்கிய முகமறியும் மாடல்களையே அழிக்க வேண்டும் என்று 2021இல் அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் உத்தரவிட்டது. அரசு அமைப்பு தலையிட்டதால் நடந்தது அது.

கேள்வி: 'அடையாளம் நீக்கிய தரவுதான்' என்கிறார்கள். நம்பலாமா?

பதில்: பெயரையும் எண்ணையும் நீக்குவது எளிது. 'இரு நிறுவனங்களும் இணைந்த மறுநாளிலிருந்து எங்கள் தலைமைக் கணக்காளரால் உள்நுழைய முடியவில்லை' என்ற புகாரில் பெயரே இல்லை. ஆனால் அந்தத் துறையில் இருப்பவருக்கு ஆள் யார் என்று தெரிந்துவிடும். எப்படி நீக்குகிறார்கள், நீக்கியபின் யார் சோதிக்கிறார்கள் என்று கேளுங்கள்.

கேள்வி: விதிமுறையைச் சத்தமில்லாமல் மாற்றிவிட்டால்?

பதில்: அப்படி மாற்றுவது நியாயமற்ற செயலாகவோ ஏமாற்றாகவோ கருதப்படலாம் என்று அதே ஃபெடரல் டிரேட் கமிஷன் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. ஒப்பந்தம் போடும் அன்றே விதிமுறைப் பக்கத்தைத் தேதியுடன் பிடிஎஃப் ஆகச் சேமித்துவிடுங்கள். பழைய வாசகம் கையில் இல்லாமல் எதையும் நிரூபிக்க முடியாது.