தம்பி ரிமாண்டில்: சைவச் சாப்பாட்டுக்கு யாரைக் கேட்பது?

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார்: "என் தம்பி மூன்று வாரமாக ரிமாண்டில், அதாவது வழக்கு முடியும் முன் விசாரணைக் காவலில், இருக்கிறான். புரட்டாசியில் மட்டுமல்ல, வருஷம் முழுக்கக் கறி தொடமாட்டான். சைவச் சாப்பாடு வேண்டும் என்று யாரிடம் சொல்வது? கேட்டில் இருப்பவரிடமா, அவனைப் பிடித்த போலீஸிடமா?"

இருவரிடமும் வேண்டாம் அம்மா. கோர்ட் அனுப்பிச் சிறைக்குள் சேர்ந்ததுமே தம்பி, சிறைகளை நடத்தும் சீர்திருத்தப் பணித் துறையின் பொறுப்புக்குப் போய்விட்டார். அங்கே போலீஸுக்கு வேலையில்லை. துறைக்கு நாடு முழுக்க 6 வட்டாரங்கள், நம் மாகாணமான குவாசூலு-நாட்டால் அதில் ஒன்று. வட்டார ஆணையர், பகுதி ஆணையர், அவருக்குக் கீழே ஒவ்வொரு சிறைக்கும் ஒரு தலைவர். உங்களுக்கு வேண்டியவர் இந்தச் சிறைத் தலைவர்தான். கேட்டில் நிற்பவர் பார்ப்பது சோதனையும் பதிவும் மட்டுமே. சமையலறை அவர் கையில் இல்லை.

கேட்கவேண்டியது தம்பிதான். 1998-ஆம் வருடச் சீர்திருத்தப் பணிச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி, சேர்ந்த அன்றும் அப்புறம் தினமும் குறையோ கோரிக்கையோ சொல்ல அவருக்கு வாய்ப்புத் தரவேண்டும். காலையில் செல்லைத் திறந்து ஆளை எண்ணி முடித்த நேரம் இதற்கு நல்லது. சொன்னதோடு நிற்காமல், பதிவேட்டில் எழுதுகிறார்களா என்று கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள். ஷிப்ட் மாறும். வாயால் சொன்னது அந்த ஆபீசரோடு வீட்டுக்குப் போய்விடும், எழுதியது அடுத்தவர் மேஜையில் இருக்கும்.

"எனக்குப் பிடிக்காது" என்று சொல்லக்கூடாது, "என் சமய வழக்கம்" என்று சொல்லவேண்டும். 8-ஆம் பிரிவு, உணவில் சமய வழக்கத்தையும் பண்பாட்டையும் இயன்றவரை கவனிக்கச் சொல்கிறது. 'இயன்றவரை' என்ற சொல் இருப்பதால் விடாமல் கேட்கவேண்டியிருக்கும்.

ராத்திரி ஆபீசர்கள் குறைவு. அதனால் பகல் ஷிப்ட் முடியும் முன்பே சாப்பாடு கொடுத்துப் பூட்டிவிடுவது பல சிறைகளில் வழக்கம். மாலைச் சாப்பாட்டுக்கும் காலைச் சாப்பாட்டுக்கும் நடுவே 14 மணிநேரத்துக்கு மேல் போகக்கூடாது என்கிறது சட்டம். தம்பி பசியோடு படுக்கிறார் என்றால் அதையும் அதே பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள்.

காந்தியின் சத்தியாகிரகத்தில் சேர்ந்து சிறை போன தில்லையாடி வள்ளியம்மை, இங்கே மாரிட்ஸ்பர்க் சிறையிலிருந்து காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22 அன்று 16 வயதில் கண்ணை மூடினாள். இந்த மண்ணில் சிறைக்குள் இருப்பவர் உடம்பைப் பற்றி நம்மவர் யார் கேட்டாலும் எனக்கு அவள் நினைவு வந்துவிடும். தள்ளிப்போடாதீர்கள்.

சிறைத் தலைவரிடம் கேட்டும் நடக்கவில்லையென்றால், நீதிபதி ஒருவர் தலைமையில் சிறைகளை ஆய்வு செய்யும் அமைப்பு இருக்கிறது. அதன் பார்வையாளர்கள் சிறைகளுக்கு வந்து போவார்கள், கைதியைத் தனியாகப் பார்த்துப் பேசுவார்கள். பதிவேட்டில் எழுதிய தேதியைத் தம்பி அவர்களிடம் சொன்னால் போதும், மறுக்க முடியாது.

பார்க்கப் போகும்போது உங்கள் அடையாள அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். கேட்காமல் சோறு கட்டிக்கொண்டு போகாதீர்கள், திருப்பி அனுப்பிவிட்டால் மனசு நொந்துபோகும். உறவினரைப் போலவே சமய ஆலோசகரும் கைதியைப் பார்க்கலாம் என்று 13-ஆம் பிரிவில் இருக்கிறது. உங்கள் கோயில் ஐயரிடம், தம்பி சைவம் என்று சிறைத் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதி வாங்கி, நகலை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.