13ஆம் நாள் வெள்ளைப்படுதல், கூடவே அரிப்பு: எலும்பு உருகுகிறதா?

எலும்பு உருகவில்லை, அக்கா. தூரம் (மாதவிடாய்) தொடங்கி 13ஆம் நாளில் முட்டை வெள்ளைக்கரு போல வழவழப்பாக வருவது கருமுட்டை வெளியாகும் சமயத்தின் இயல்பு. இரண்டு மூன்று நாளில் குறையும்.

அரிப்பு வேறு. பாம்பன் கடலில் பாசி எடுத்துவிட்டு ஈர உடையோடே மணிக்கணக்கில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். உப்பும் ஈரமும் உரசித் தோல் புண்ணாகியிருக்கலாம். பூஞ்சையும் எளிதாக வளரும்.

ஒரு வாரம் இப்படிப் பாருங்கள்: கரையேறியதும் நல்ல தண்ணீரில் வெளிப்புறத்தை மட்டும் கழுவி, துடைத்து, உலர்ந்த பருத்தி உள்ளாடைக்கு மாறுங்கள். உள்ளே சோப்போ டெட்டாலோ வேண்டவே வேண்டாம். அங்கே இயல்பாக இருக்கும் நல்ல பாக்டீரியாதான் அமிலத்தன்மையைக் காக்கிறது. அதைக் கழுவிவிட்டால் தொற்று வர நீங்களே வழிவிட்டதாகும்.

தயிர்த் திப்பி போல வந்தாலோ, மீன் கவிச்சி, பச்சை நிறம், அடிவயிற்று வலி, காய்ச்சல் இருந்தாலோ ஒரு வாரம் காத்திருக்காதீர்கள். கர்ப்பமோ சர்க்கரை நோயோ இருந்தாலும் அப்படியே. ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள்; கடையில் கேட்டு மாத்திரை போடாதீர்கள்.