டெலோமியரை நீட்டும் மாத்திரையை வாங்கலாமா?

கேள்வி: குரோமோசோம் முனைகளின் நீளத்தை அளக்கும் இரத்தப் பரிசோதனையையும், அந்நீளத்தைக் கூட்டி முதுமையைத் தள்ளிப்போடுமாம் என்று ஒரு மூலிகை மாத்திரையையும் இணையத்தில் சேர்த்து விற்கிறார்கள். நோபல் பரிசு பெற்ற கண்டுபிடிப்பு என்றும் போட்டிருக்கிறார்கள். எனக்கு வயது 58. பரிசோதனையை மட்டுமாவது செய்துகொள்ளலாமா?

பதில்: இரண்டுமே வேண்டாம் என்பதே என் கருத்து. நோபல் பரிசு உண்மைதான். எலிசபெத் பிளாக்பர்ன், கேரல் கிரெய்டர், ஜாக் சோஸ்டாக் ஆகிய மூவரும் 2009இல் பெற்றார்கள். ஆனால் அது மாத்திரைக்குக் கிடைத்த பரிசு அன்று.

டெலோமியர் என்பது குரோமோசோமின் முனையில் ஆறெழுத்து மரபுத்தொடர் ஒன்று திரும்பத் திரும்ப அடுக்கப்பட்ட பகுதி. செல் பிரியும்போதெல்லாம் அது சற்றுத் தேய்கிறது; டெலோமரேஸ் என்னும் நொதி தேய்ந்ததைச் சேர்க்க வல்லது. விளம்பரம் இத்துடன் நின்றுவிடுகிறது. அந்த நொதியைச் செல் எவ்வளவு கண்டிப்பாக அடக்கி வைத்திருக்கிறது என்பதை அது சொல்வதில்லை. ஷெல்டரின் எனப்படும் ஆறு புரதங்களின் கூட்டம் முனையைப் போர்த்தியிருக்கிறது. முனை நீளமாக இருந்தால் அப்புரதங்கள் மிகுதியாக ஒட்டிக்கொண்டு நொதியைத் தடுக்கின்றன, முனை குட்டையானால் தடை தளர்ந்து நொதிக்கு வழி கிடைக்கிறது. அதிலும், நம் உடலின் பெரும்பாலான செல்களில் அந்நொதி ஏறக்குறைய அணைந்தே கிடக்கிறது. இனப்பெருக்கச் செல்களிலும் தண்டுச் செல்களிலும்தான் அதற்கு முக்கிய வேலை. இது குறைபாடன்று, காவல். கட்டுமீறிப் பெருகும் செல்லை நிறுத்தும் வழிகளுள் இந்தத் தேய்மானமும் ஒன்று. புற்றுநோய்களில் 85 விழுக்காட்டுக்கு மேற்பட்டவை அந்த நொதியை மறுபடி இயக்கிக்கொண்டே வளர்கின்றன. பிறவியிலேயே டெலோமியர் மிக நீண்டிருக்கும் சில குடும்பங்களில் மெலனோமா போன்ற புற்றுநோய்கள் கூடுதலாகக் காணப்படுகின்றன. ஆகவே நீளம் கூடுவதெல்லாம் இளமை என்று கொள்ள இடமில்லை.

பரிசோதனை தருவது பெரும்பாலும் வெள்ளணுக்களின் சராசரி மட்டுமே. ஒரே வயதினரிடையே அது வெகுவாக வேறுபடுகிறது. அளக்கும் முறைக்கேற்பவும் மாறுகிறது. பரம்பரை டெலோமியர் நோயோ எலும்பு மஜ்ஜைச் செயலிழப்போ இருக்குமென்று இரத்தவியல் மருத்துவர் ஐயுற்றால் மட்டும் இவ்வளவீட்டுக்குப் பொருள் உண்டு.

அமெரிக்காவில் இத்தகைய மாத்திரை விற்ற நிறுவனம் ஒன்றின் மீது, ஆதாரமின்றி விளம்பரம் செய்ததாக அந்நாட்டுக் கூட்டாட்சி வணிக ஆணையம் 2018இல் நடவடிக்கை எடுத்தது. ஆதலால் விற்பவரிடம் நோபல் பரிசைப் பற்றிக் கேட்காதீர்கள்; அவருடைய மாத்திரையை மனிதர்களுக்குக் கொடுத்துச் சோதித்த ஆய்வைக் கேளுங்கள்.