கடை உடைத்ததைப் பார்த்த உங்கள் அம்மாவின் வாக்குமூலம் மாறினால், அது பொய் என்று உளவியலாளர்கள் எழுதிவிடுவார்களா என்று கேட்டீர்கள்.

மாட்டார்கள். கடை உடைத்தவன் “ஒருத்தன்” என்று முதலில் சொன்ன அம்மா, அடுத்த தடவை “ரெண்டு பேர், ஒருத்தன் தொப்பி” என்றதை மட்டும் வைத்து எந்த உளவியலாளரும் அவரைப் பொய்க்காரி ஆக்க மாட்டார்.

என் சந்தேகம் லயத்துப் (தோட்டத்து வரிசை வீடுகள்) பேச்சின் மேல்தான். தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் ஆளுக்கொரு கதை ஓடியிருக்கும். காதில் விழுந்தது, கண்ணால் கண்டதோடு கலந்துவிடும். கூடவே ஒன்றைப் பாருங்கள்: பொலிசார் வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதினார்களா? அப்படியானால் தமிழில் விளக்கிச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னதை விளக்கவும் கூட்டவும் அம்மாவுக்கு உரிமை உண்டு (இலங்கையின் 1979 குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, 110ஆம் பிரிவு).

ஃபிஷர், கைசல்மன் என்ற உளவியலாளர்கள் 1984இல் கொண்டுவந்த விசாரணை முறை (cognitive interview) சாட்சியின் நினைவை மீட்கத்தான் உதவுகிறது. அன்றைக்கு மழையா பனியா, லைட் எரிந்ததா, நாய் குரைத்ததா என்று அந்த நேரத்தை மனதில் கொண்டுவரச் சொல்லி, குறுக்கே பேசாமல் கேட்பார்கள். நீங்களும் ஒரே ஒரு தடவை அப்படிக் கேட்டுப் பாருங்கள். தொப்பி வந்தால், “அது எப்படித் தெரியும்மா?” என்பதோடு சரி. நீங்களாக எதையும் எடுத்துக்கொடுக்காதீர்கள்.

பிறகு தினமும் கிளறாதீர்கள், அது இன்னும் குழப்பும். தொப்பி நிஜமாகவே பிந்தி நினைவு வந்ததாகவும் இருக்கலாம். எதை நம்புவது என்பதை நீதிமன்றம்தான் முடிவு செய்யும், உளவியலாளர் அல்ல.